சித்ரா பௌர்ணமிக்கு முன் என் அண்ணன் படமுள்ள பேனரை அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்
ச. மணிமொழி, பி.எஸ்சி.,
த/பெ சக்கரவர்த்தி,
அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: நோயுற்ற என் அண்ணனைச் சாமியார் என்று கூறி வைத்துள்ள பேனரையும் கொட்டகையையும் அகற்றி, அவர் சிகிச்சைக்கு வர உதவக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்றைய குறைதீர் கூட்டத்தில் என் பெயரை அழைத்தபோது, பின்னால் நிறைய பேர் நின்றதால் எனக்குப் பேச வரவில்லை. சொல்ல வந்ததை இதில் எழுதியுள்ளேன்.

1. என் அண்ணன் செழியன் எலக்ட்ரீஷியன். சென்ற மழைக்காலத்தில் வீட்டு சுவிட்ச் போர்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பழுது பார்க்கிறார் என்றே நினைத்தோம். உள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகவும், அது எந்த ஒயர் என்று தேடுவதாகவும் பிறகுதான் சொன்னார். தூக்கம் போயிற்று. அம்மா போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்தார். குளிப்பதையும் வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

2. தை மாதம் முதல் கிரிவலப் பாதையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். முடி வளர்ந்துவிட்டது, யாருடனும் பேசுவதில்லை. நம் ஊரில் அப்படி இருப்பவரை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. பழம் வைத்துக் கும்பிட்டார்கள். பக்கத்தில் கற்பூரக் கடை வைத்திருக்கும் திரு. அருணகிரி, தகரக் கொட்டகை போட்டு, அண்ணன் படத்துடன் ‘மௌன சாமி’ என்று பேனர் கட்டினார். அவருக்குக் கெட்ட எண்ணம் என்று கூறமாட்டேன். வெயிலில் அண்ணனுக்குக் குடை பிடித்தவரும் அவரே. ஆனால் மருத்துவர் என்று நான் வாய் திறந்ததும், “சாமியப் போயி பைத்தியம்ன்றியே பாப்பா, நாக்கு அழுகிடும்” என்றார். எங்கள் அம்மாவே ஒருநாள் அண்ணன் காலில் விழுந்தார்.

3. சென்ற பௌர்ணமியன்று கூட்டம் நெருக்கியபோது அண்ணன் இரு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டார். சுற்றி நின்றவர்களும் காதைப் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டார்கள்.

4. அரசு மருத்துவமனை மனநல மருத்துவரை நான் மட்டும் சென்று பார்த்தேன். மனச்சிதைவாக இருக்கலாம், நேரில் பார்த்தால்தான் உறுதியாகும், மருந்தால் நன்கு தேறியவர்கள் உண்டு என்றார். குரல் பொய் என்று அண்ணனிடம் வாதாட வேண்டாம் என்றும் சொன்னார். அதனால் தினமும் சோறு கொண்டுபோய், முதல் கவளத்தை நான் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சென்ற வாரம், தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். “எங்க மணி, ஜாஸ்தி பேசறாங்க. தூங்கவே வுடமாட்டறாங்க” என்றார். தூங்க மருந்து கேட்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். “கூட்டம் இல்லாதப்ப கூட்டிட்டுப் போ” என்றார். அந்தப் பேனரைப் பார்த்துத் தினமும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

5. மே முதல் தேதி சித்ரா பௌர்ணமி. அந்தக் கூட்டம் வந்து கும்பிட்டபின் அவர் எழுந்து வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தாலும், சாமியை மருத்துவமனை வரிசையில் நிற்க ஊர் விடாது.

எனவே அதற்கு முன்பே கொட்டகையையும் பேனரையும் அகற்றவும், மனநலக் குழுவினர் சீருடையின்றி வந்து அண்ணனிடம் பேசவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். காவலர் வேண்டாம், கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். திரு. அருணகிரியின் கடைக்கு இடையூறு செய்ய வேண்டாம். பேனரைக் கிழிக்காமல் அவிழ்த்து என்னிடம் தரச் சொல்லுங்கள், ஐயா. அதில் இருப்பது என் அண்ணன் முகம்.

மௌன சாமி என்று அதில் எழுதியிருக்கிறது. அவர் என்னிடம் பேசினார். தூக்கம் இல்லை என்றார்.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 21.04.2026

தங்கள் உதவியை எதிர்நோக்கும்,
ச. மணிமொழி