சீப்பின் நாற்காலிக்கு ஒரு திருகாணி

என் அருமை வாயாடி மகளுக்கு,

இங்கே அம்மா முழு நலம். எனக்கு வலது சுண்டுவிரலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீ அங்கே எந்த விரலும் குறையாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் நீ போன் செய்தபோது அப்பா முக்கியமான வேலையில் இருக்கிறார் என்று அம்மா சொன்னாளே, அது என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னது. உண்மையில் அந்த நேரம் நம் சலூன்காரர், அதுதான் ஊரே சீப்பு என்று கூப்பிடுமே, அவர் நாற்காலிக்குள் என் சுண்டுவிரல் மாட்டிக்கொண்டு, நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், முடி வெட்ட வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சவர சோப்பைக் குழைத்து ஊற்றித்தான் விரலை மீட்டார்கள். இதைப் போனில் சொன்னால் பாதியை நீ சிரித்தே கெடுப்பாய், மீதியை அம்மா பிடுங்கிச் சொல்லிவிடுவாள், அதனால்தான் கடிதம்.

சீப்பின் நாற்காலி உனக்குத் தெரியும், அந்த இரும்பு யானை, அவருடைய தாத்தாவுக்கும் மூத்தது. அதைச் சாய்க்கிற இடத்தில் விரல் தடிமனில் ஒரு திருகாணி உண்டு. பெயின்ட் அடிக்கக் கழற்றி வைத்தார்கள், அது குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது. நாற்காலி சாயவில்லை என்றால் சவரத்துக்கு ஆள் வருவதில்லை, எதிரிலேயே ஒருவன் குளுகுளு சலூன் வேறு திறந்து வைத்திருக்கிறான். சீப்பு வாய் ஓய்ந்து நீ பார்த்திருக்கிறாயா, இந்த முறை ஓய்ந்துவிட்டது, கத்திரியைத் துடைத்துத் துடைத்து எதிர்க் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மச்சான், ஊதினால் பறந்துவிடுவார், அதனால் நாங்கள் பயில்வான் என்போம், சைக்கிள் கடையில் ஒரு போல்டை வாங்கிவந்து முழ நீள ஸ்பேனரோடு ஏறி நின்றார். மரை என்பது திருகாணியில் சுற்றிச் சுற்றி ஓடுகிற பள்ளம், அந்தக் காலத்து மரை ஒரு கணக்கு, இந்தக் காலத்து மரை ஒரு கணக்கு. புது போல்ட் இரண்டு சுற்று சமர்த்தாக உள்ளே போகும், மூன்றாவதில் இறுகிக்கொள்ளும், அங்கேதான் ஆண்பிள்ளைகளுக்கு வீரம் வரும். நல்லவேளை நான் போய்ச் சேர்ந்தேன். ஓட்டையைப் பெருசாக்கிப் புது மரை வெட்டிடலாம்ணே என்றார் பயில்வான். இது வார்ப்பு இரும்புப்பா, நோண்டினா விரிசல் விட்டுடும், அப்புறம் எடைக்குத்தான் போடணும், உன்னையும் சேர்த்துப் போட்டாலும் எடை ஏறாது என்றேன். சீப்பு அப்போதுதான் வாயைத் திறந்து, நீங்க பாருங்கண்ணே, போச்சுன்னா கடையும் போச்சு என்றார். அதன் பிறகு எனக்கு விளையாட்டு வரவில்லை.

பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து ஓட்டைக்குள் இருந்த அழுக்கையும் துருவையும் எடுத்தேன். போல்ட் கடித்த முதல் சுற்று கொஞ்சம் மடங்கியிருந்தது, உள்ளே எப்படி என்று தெரியவில்லை. கண் பார்க்காத இடத்தை விரல் பார்க்கும் என்று சொல்லிக்கொண்டே சுண்டுவிரலை விட்டேன், விரலும் பார்த்தது, திரும்பி வரத்தான் மனமில்லை. ஆனால் உள்ளே மரை நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பிறகு மெத்தென்ற மரக்குச்சியைச் சீவி, சோப்பு தடவி மெதுவாகத் திருகினேன், மரை அப்படியே அதில் பதிந்தது. அதை லேத் பட்டறையில் கொடுத்து, இதே அச்சில் ஒரு திருகாணி கடையச் சொன்னேன். லேத்காரர் குச்சியைப் பார்த்துவிட்டு, கரும்புன்னு நெனச்சு யாரு கடிச்சது என்று கேட்டார். ஆனாலும் அருமையாகச் செய்து கொடுத்தார்.

போடுகிற அன்று ஸ்பேனரின் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன், இல்லாவிட்டால் பயில்வான் கை சும்மா இருக்காது. திருகாணியை வைத்து முதலில் பின்பக்கமாகச் சுற்றினேன். மரையும் மரையும் சந்திக்கிற இடத்தில் டுக்கென்று ஒரு சின்ன இறக்கம் தெரியும், அங்கே நிறுத்தி முன்பக்கம் திருப்ப வேண்டும், விரலால் மட்டும். மூன்றாவது சுற்றில் இறுகிக்கொண்டது. சீப்பு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெளியே எடுத்துப் பார்த்தால், மரையின் இடுக்கில் இரும்புத் தூள் ஒரு பொட்டு. துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி சுற்றினேன், வெண்ணெயில் விரல் போல இறங்கி உட்கார்ந்தது. நாற்காலி சாய்ந்தபோது சீப்பு வாசலுக்குப் போய் எதிர்க் கடையைப் பார்த்துப் பெரிதாகத் தும்மினார்.

உன் அறை ஜன்னல் கொக்கி ஆடுகிறது என்றாயே, நீயும் அப்படியே செய், முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். செருப்பால் அடித்து ஏற்றாதே, உன்னை எனக்குத் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, மாடி வீட்டு அக்காவோடு நடைக்குப் போகிறாள், தெருமுனை வரை நடை, அங்கிருந்து பேச்சு. நேரத்துக்குச் சாப்பிடு. உன் மனம் போல எல்லாம் கூடிவரட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களாகவே வாய்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே.

என்றும் உன்
அப்பா

பின்குறிப்பு: திருகாணி தாங்குகிறதா என்று பார்க்க முதல் சவரம் எனக்கே நடந்தது. சீப்பு மூக்குக்குக் கீழே கத்தியை வைத்திருக்கும்போது பயில்வான் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். நாற்காலி நன்றாக வேலை செய்தது. மீசையில் இடது பாதி போய்விட்டது, வலது பாதியையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். அம்மா திறந்து பார்த்து, அவர் வீட்ல இல்லீங்க, சாயங்காலம் வாங்க என்று சொல்லிச் சாத்திக்கொண்டாள்.