புதியவர் மேசைக்கு ஓர் ஆள் குறைகிறது

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. நலம்தான், ஆனால் வயிற்றெரிச்சலோடு நலம். வீட்டுக்கு எழுதாமல் உன் ஆபீஸ் முகவரிக்கு ஏன் எழுதுகிறேன் என்று யோசிக்காதே. வீட்டுக்குப் போன் செய்தால் மாப்பிள்ளை எடுக்கிறார். உன் கைப்போனுக்குச் செய்தாலும் மாப்பிள்ளையே எடுக்கிறார். "தூங்குறா அண்ணி." "குளிக்கிறா அண்ணி." மூன்று வாரமாக ஒருத்தி எவ்வளவுதான் குளிப்பாள்?

முதலில் அந்தக் கதை விளையாட்டைத் திட்டித் தீர்த்துவிடுகிறேன். நீ கதை சொல்வாயாம், நாங்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டி அதற்குள் நடக்கவேண்டுமாம். நாலு பேர் சேராவிட்டால் விளையாட்டுச் சங்கத்தில் புதியவர் மேசையை நடத்த விடமாட்டார்கள், ஓர் ஆள் குறைகிறது, சும்மா வந்து உட்கார் அக்கா என்றாய். சும்மாவா? உறுப்பினர் எண் வாங்க ஒரு படிவம். கதையில் நான் யார் என்று சொல்ல இன்னொரு படிவம். அந்தக் கதாபாத்திரம் மேசைக்கு மேசை என் கூடவே வருமாம், அதனால் பிழையில்லாமல் நிரப்பவேண்டுமாம். என் கல்யாணத்துக்குக்கூட நான் இத்தனை கையெழுத்துப் போடவில்லை. மேசை மேசை என்கிறீர்களே, அங்கே மேசையே கிடையாது. ஆளுக்கொரு ஊரில் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரைபடத்தையும் அதில் நிற்கும் எங்கள் காய்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். பகடையையும் அந்தத் திரையில்தான் உருட்டவேண்டும். முதல் நாள் மைக்கைத் திறக்காமலே நான் போட்ட கூச்சலில் உன் அத்தான் கதவைத் திறந்து, "யார்கூட சண்டை?" என்றார். பூதத்தோடு என்றேன். "ஜெயிச்சா சொல்லு" என்று சாத்திவிட்டுப் போனார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "பாலம் ஈரமா இருக்கு. கீழ யாரோ அழற சத்தம் கேக்குது. இப்ப என்ன பண்றீங்க?" என்று நீ கேட்டாய் பார், பட்டப்பகலில் எழுந்துபோய் விளக்கைப் போட்டேன். இப்படி ஒரு குரல் உனக்குள் இருப்பது கூடப் பிறந்த எனக்கே தெரியாது. கூட ஆடும் மருந்துக்கடைக்காரர், பாவம், தன் மந்திரவாதிக்கு ஏதோ இருமல் மருந்தின் பெயரை வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தவர், அவர்கூட, பாலத்தில் கைப்பிடி இருக்கிறதா என்று கேட்டார்.

அப்போதுதான் சிட்டு முதல்முறையாகப் பேசினாள். துணிக்கடையில் பில் போடுகிற பெண், கதாபாத்திரத்துக்குச் சிட்டு என்று பெயர் வைத்ததால் அவளையும் அப்படியே கூப்பிட்டோம். வில்லை முதுகில் மாட்டிக்கொண்டு பாலத்துக்குக் கீழே இறங்கி, ஏன் அழுகிறாய் என்று பூதத்தைக் கேட்கப்போவதாகச் சொன்னாள். உன் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது, நான் கேட்டேன். அதற்குள் மாப்பிள்ளை, "அதெல்லாம் வேலைக்காகாதும்மா, அம்பை எடு" என்று அவள் காயைத் தானே நகர்த்தி, அவள் பகடையையும் தானே உருட்டிவிட்டார். புதியவர்களுக்கு உதவத்தான் பழைய ஆட்டக்காரரான அவரையும் ஓர் ஆளாகச் சேர்த்தோம் என்றாய். இதுவா உதவி? டிரைவிங் பள்ளியில் தினமும் நான் புதியவர்களோடுதான் உட்காருகிறேன். வண்டி விக்கி விக்கி நிற்கும், பின்னால் ஹாரன் அலறும், எனக்கும் நெஞ்சு பதறும். அதற்காக ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டால் அவர்கள் எந்த ஜென்மத்தில் ஓட்டுவது? நீ அவரைத் தடுப்பாய் என்று காத்திருந்தேன். "சரி, அப்படியே வெச்சுக்கலாம்" என்றாய். பூதம் செத்தது.

அடுத்த வாரம் நீ ஒரு விதியைச் சொன்னாய், அவர் குறுக்கே வந்து, "இவளுக்கு இந்த இடம் எப்பவுமே குழம்பும்" என்றார். நீ சிரித்தாய். அது உன் சிரிப்பில்லை. மருந்துக்கடைக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நீ சொன்னதுதான் சரி என்று எனக்குத் தனியாக எழுதி அனுப்பினார். மேசையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "குடும்ப விஷயம் மாதிரி இருந்துச்சுங்க" என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

அதற்கும் அடுத்த வாரம் இடைவேளையில் டீ போட எழுந்த நீ மைக்கை அணைக்க மறந்துவிட்டாய். "அந்த ரெண்டாவது மேசையையும் நடத்தறேன்னு யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டே?" என்று அவர் கேட்டது எங்கள் மூவர் காதிலும் விழுந்தது. குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆகியிருக்காது. நீ, "தப்புதான், தப்புதான், இனிமே கேட்டுட்டே செய்யறேன்" என்றாய். அப்புறம் ஏதோ விழுந்து உடைந்தது. மருந்துக்கடைக்காரர் திடீரென்று, "எங்க பக்கம் ஒரே மழைங்க" என்று சத்தமாகப் பேச ஆரம்பித்தார். நீ திரும்பி வந்து, "சாரி, டம்ளர் கைதவறிடுச்சு" என்றாய். நாங்கள் யாரும் உன்னைக் கேட்கவில்லையே குட்டி.

அதனால்தான் அன்றைக்கு அவர் மறுபடி சிட்டுவின் காயைத் தொட்டபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்தப் பொண்ணோட காயை இருந்த இடத்துலயே வைங்க மாப்பிள்ளை, என்ன பண்றதுன்னு அவ சொல்லட்டும்" என்றேன். "அண்ணிக்கு விளையாட்டு தலைக்கேறிடுச்சு" என்று அவர் சிரித்தார். மேசையை நடத்துகிறவள் நீ, நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எல்லோரும் காத்திருந்தோம். பிறகு, "இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம்" என்றாய்.

சாயங்காலமே சங்கத்தின் பக்கத்தில் அறிவிப்பு வந்துவிட்டது, நடத்துபவருக்கு உடல்நலம் சரியில்லாததால் புதியவர் மேசை நிறுத்தப்படுகிறது என்று. ஒரு பிழைகூட இல்லை. நீ எழுதியிருந்தால் லகரமும் ளகரமும் இடம் மாறியிருக்கும். சங்கச் செயலாளருக்கு நான் முறையாகப் புகார் எழுதினேன். புதியவர்களை அன்போடு வரவேற்கிறோம் என்று முகப்பில் எழுதிவைத்தவர் அல்லவா? வேறு மேசையில் இடம் தருகிறோம், கணவன் மனைவிக்குள் நாங்கள் வர முடியாது என்று பதில் போட்டார். நான் கேட்டது மேசையைப் பற்றி. அவருக்கும் வேறெதுவோ கேட்டிருக்கிறது.

சிட்டு எனக்குப் போன் செய்தாள். இனி எந்த மேசைக்கும் வரமாட்டேன் என்றுதான் ஆரம்பித்தாள். அப்புறம், "உங்க தங்கச்சி பகடை உருட்டறதுக்கு முன்னாடியே சாரி சொல்றாங்க அக்கா. கவனிச்சீங்களா? எங்க வீட்லயும் ஒரு காலத்துல அப்படித்தான்" என்றாள்.

அவளைக் கெஞ்சிக் கூட்டி வந்து, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவர் மட்டும் ஆடுகிறோம். கதையை நடத்துவது நான். சிரிக்காதே. போன வாரம் ஒரே பாலத்தை இரண்டு தடவை இடித்துவிட்டேன். "முதல்லயே இடிஞ்ச பாலம் எப்படிங்க மறுபடி இடியும்?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்கிறார். சிட்டு இப்போது யார் பேச்சுக்கும் காத்திராமல் பாலத்துக்குக் கீழே இறங்குகிறாள், நான் மறுபடி உயிர்கொடுத்த பூதத்திடம் அன்றைக்கு ஏன் அழுதாய் என்று கேட்கிறாள். எனக்கா தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன், எதுவும் ஒட்டவில்லை. மூன்று பேருக்கும் கோபம் கோபமாக வருகிறது, ஆனாலும் யாரும் எழுந்து போவதில்லை.

இன்னொரு செய்தி. எனக்குக் கடுமையான முதுகுவலி. ஒரு மாதம் குனியக்கூடாது, கூட ஓர் ஆள் இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எந்த டாக்டர் என்று கேட்காதே. மாப்பிள்ளையிடமும் போனில் முனகிக்கொண்டே சொல்லிவிட்டேன், பள்ளியிலும் லீவு போட்டாகிவிட்டது. உன் அத்தானுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "பொய் சொன்னா ஒழுங்கா சொல்லணும்" என்று என்னைக் குனியவிடாமல் தரையையும் அவரே துடைக்கிறார். நீ எத்தனை நாள் இருப்பாய் என்று அவர் இதுவரை கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்.

அதனால் நீ வா. அக்காவுக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு வா. ஒரு மாதத்துக்கு எதற்கு அந்தப் பெரிய பெட்டி என்று கேட்டால், அக்கா வீட்டில் குளிர் அதிகம், கம்பளி எடுத்துப்போகிறேன் என்று சொல். உன் படிப்புச் சான்றிதழ்களையும் அந்தக் கம்பளிக்குள்ளேயே சுற்றி வை.

நன்றாக இரு என்று எழுதி முடிக்க மனம் வரவில்லை. இங்கே வந்து நன்றாக இரு.

முதுகுவலியுடன்,
உன் அக்கா