கைச்சூடு

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் இங்கே சௌக்கியம்.

நேற்று ஒரு வேடிக்கை. பழுது பார்க்க எங்கள் ஷெட்டுக்கு வந்த மண் தோண்டும் பொக்லைன் ஒன்று, எஞ்சின் ஆறிக் கிடந்தும் கொதிப்பதாகத் திரையில் காட்டியது. வெப்பம் பார்க்கும் சென்சாரில்தான் கோளாறு. புதுசு ஒன்றை வயரில் மாட்டினேன். எஞ்சினில் முடுக்கும் முன் அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துப் பார்ப்போம். உடம்புச் சூட்டுக்குத் திரையில் எண் ஏற வேண்டும். நான் பிடித்தேன். ஷெட்டின் குளிர் எவ்வளவோ அவ்வளவிலேயே, பன்னிரண்டு டிகிரியில், எண் நின்றது. இதுவும் பழுதென்று தூக்கிப் போடப் போனேன். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெல்டர் அதை வாங்கிப் பிடித்தார்; மளமளவென்று முப்பதைத் தாண்டியது. திரும்ப என் கைக்கு வந்ததும் இறங்கி, பழையபடி பன்னிரண்டு.

“யோவ், நீ உயிரோடதான் இருக்கியா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

குளிர்தான் காரணம், வேறொன்றுமில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கம்பளிக் கையுறை கொடுத்தனுப்புங்கள். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள் அப்பா. நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அப்போது அது சூடாக இருந்ததா?

உங்கள் பெரியவன்