பட்டை அறுகிற இடம்

தாராவி,
மார்ச் 9

மாப்பிள்ளை செல்வத்துக்கு,

ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று, போதும். உமது நம்பரை நான் பிளாக் செய்திருப்பதால் இந்தக் கடிதம். என் தங்கை கோகிலவாணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உமது நலத்தை நீரே பார்த்துக்கொள்வீர்.

நாம் இருபத்திரண்டு மெஷின் போட்டுப் பை தைத்த பட்டறையில் இப்போது மூன்றுதான் ஓடுகிறது. சீனப் பைகளை இறக்கி விற்க நீர் வாஷிக்குப் போனபோது நம் கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனீர். மச்சான் ஒரு பையைத் தைத்து முடிப்பதற்குள் ஒரு கப்பலே வந்துவிடும் என்று அவர்களிடம் சிரித்தீராம். மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

அதற்காக நான் அழிந்துபோனதாக நினைக்க வேண்டாம். இறக்குமதிப் பைகளுக்கு ஜிப் மாற்றுகிறேன், சக்கரம் போடுகிறேன். ஆறரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, என் வீட்டுக்காரி, உம் அக்காள் முறை தங்கமயிலோடு மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நடந்து போகிறேன். முதலாளியாக இருந்த காலத்தில் ஒரு முருங்கைக்காயாவது வாங்கித் தந்ததுண்டா என்று கேட்கிறாள். இல்லைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ரிப்பேருக்கு வரும் ஸ்கூல் பைகளில் பாதி உம்முடையவை. எல்லாம் ஒரே இடத்தில்தான் அறுகின்றன: தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடம். ஒற்றைத் தையல், உள்ளே ஒட்டு இல்லை. இரண்டு வருஷமாக இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். உமது பை அறுந்தால் எனக்கு வேலை; சொல்வானேன்?

போன வாரம் ஒரு பெண்பிள்ளை அம்மாவோடு வந்தது. குர்லா ஸ்டேஷன் பாலத்தில் பட்டை அறுந்து, புத்தகம் பொறுக்கக் குனிந்தபோது கூட்டம் கையை மிதித்திருக்கிறது. இரண்டு விரலில் கட்டு. அதே நாளில், செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாலாயிரம் பை உமக்கு ஆர்டர் என்று கோகிலா தங்கமயிலிடம் சொல்லியிருக்கிறாள். ஜூனில் அவை அறுந்து திரும்பினால் நீர் எழுந்திருக்க முடியாது, என் தங்கையும்தான்.

சரக்கு கப்பல் ஏறுமுன் சீனாக்காரரிடம் சொல்லிவிடும்: சேருமிடத்தில் உள்ளே ஒரு ரெக்சின் துண்டு, சதுரமாகத் தைத்து, நடுவே குறுக்காக இரண்டு தையல். நம் பட்டறையில் போட்டதுதான். வேலையை இழுக்கிறது, நிறுத்துங்கள் என்றவர் நீர். மாதிரி ஒன்று தைத்து இதற்குள் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். உம்மையும் சேர்த்துத்தான்.

எழுதியது யார் என்று உமக்குத் தெரியும். ஆனாலும் கீழே பெயர் போட்டால், சமாதானம் ஆகிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமையே ஸ்வீட் டப்பாவோடு வந்து நிற்பீர். போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.