சும்மாதான் இருக்கிறேன்

ஜூன் 3, செவ்வாய்
அரிமளம் கடைத்தெருவில் இன்றும் கேட்டார்கள், "ஊருக்கு வந்து சும்மாவா இருக்கீங்க?" ஆமாம், சும்மாதான் இருக்கிறேன். ஷார்ஜாவில் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினேன். அப்போது ஒருத்தராவது "ஏன் ஓட்டுறீங்க?" என்று கேட்டாரா?

ஜூன் 5, வியாழன்
பிரசாந்த் சென்னையிலிருந்து வீடியோ அனுப்பியிருக்கிறான். கோட் போட்ட ஒருவர் மேடையில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து, அறுபதிலும் புது மனிதனாகலாம் என்கிறார். விடிவதற்கு முன்னால் எழ வேண்டுமாம். பாலைவனத்தில் நான் எழுந்ததெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? பெற்ற பிள்ளை என்னைத் திருத்தப் பார்க்கிறான். நான் என்ன கெட்டா போனேன்?

ஜூன் 9, திங்கள்
மதியம் சீரியல். நான் நாற்காலியில், செவந்தி அடுப்படியில். ஊருக்கு வந்ததிலிருந்து கவனிக்கிறேன், என் பெண்டாட்டி சீரியலைக் காதால்தான் பார்க்கிறாள்.
"இப்ப யாருங்க அழுவுறது?"
மருமகள் என்றேன்.
"மூத்தவளா, சின்னவளா?"
வந்து உட்கார்ந்துதான் பாரேன் என்றேன். "ஒலை கொதிக்குது. நான் உக்காந்தா சோத்த யாரு வடிக்கிறது?" என்றாள்.

ஜூன் 14, சனி
பெட்ரோல் பங்கில் எனக்கு மேனேஜர் வேலை பேசி முடித்துவிட்டானாம் பிரசாந்த். ஒன்றாம் தேதி சேர வேண்டுமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.
"சும்மா இருந்தா ஒடம்பு துருப்பிடிச்சுரும்ப்பா" என்கிறான். பிடிக்கட்டும்டா. என் ஒடம்பு, என் துரு. போகமாட்டேன். யார் வந்து சொன்னாலும் போகமாட்டேன்.
செவந்தியும் அவன் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "நீங்களாச்சும் சும்மா இருங்க" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு
நீங்களாச்சும் — அப்படியென்றால்?

ஜூன் 19, வியாழன்
செவந்தியை வம்பு பண்ணி டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் உலை வைத்தேன். சோறு குழைந்து களியாகிவிட்டது. அவள் நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு புவனேஸ்வரி வாசலில் நின்று, "அண்ணன் அடுப்படியிலயா?" என்று சிரித்தாள்.
"ஆமா. இப்ப என்னங்கிற?" என்றேன்.

ஜூன் 26, வியாழன்
சோறு உதிரியாக வந்தது. அவள் ஒரு தரம்தான் எழுந்தாள்.

ஜூலை 1, செவ்வாய்
பங்குக்குப் போகவில்லை.
சீரியல் நேரம். செவந்தி என் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "இந்த மூத்தவ கொரலுக்கும் மொகத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்றாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பிரசாந்த்.
ஏன் சேரவில்லை என்று கேட்டான். இஷ்டமில்லை என்றேன்.
"ஒங்ககிட்ட பேசி ஆகாது. அம்மாகிட்ட குடுங்க. என்ன பண்றாங்க?"
"சும்மா இருக்கா."
"அம்மாவா? சும்மாவா?"
"ஆமாடா. சீரியல் முடியட்டும், அப்புறம் கூப்புடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.