அர்னா உட்கார்ந்த இடம்

பிப்ரவரி 3
கடற்புயல் இன்னும் விடவில்லை. ஈரப்பனி கனமாக, சத்தமில்லாமல் கொட்டுகிறது. கொழுந்தன் கேர்த்தின் படகு கரையிலேயே புதைந்துவிட்டது. நாய்களைத் தோண்டி எடுத்தோம். சீல் இறைச்சி ஞாயிறு வரை வந்தால் பெரிது. இதில் கிழட்டு நாய் அர்னாவுக்கும் ஒரு பங்கு. முன்னால் நின்று யோசிக்கிறதே தவிர, வண்டி இழுப்பதில்லை. "அடுத்த வேட்டையோட அதை முடிச்சிடுங்க" என்று என் வீட்டுக்காரர் ஏனோஸிடம் சொன்னேன். அவர் எழுந்து நாய்களைப் பார்க்கப் போனார்.

பிப்ரவரி 5
விடிந்தபோது காற்றே இல்லை. மலைகள் கழுவி வைத்தாற்போல் நின்றன. ஏனோஸும் கேர்த்தும் நாய்வண்டி கட்டி, உறைகடலைத் தாண்டி அக்கரைக்கு சீல் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் வந்துவிடுவார்களாம். கடற்புயல் ஓய்ந்த கையோடு பனிமேட்டிலிருந்து பித்தராக் என்கிற பேய்க்காற்று இறங்கும் என்று தெரியாதவர்களா? இறைச்சி இல்லையென்று நச்சரித்தது நான்தானே.

மதியம் பனிமேட்டு விளிம்பில் வெள்ளையாகப் புகைந்தது. கேர்த்தின் மனைவி அபெலோன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "அக்கா, உங்க கூரைக்குத்தான் கம்பி நல்லா இழுத்துக் கட்டியிருக்கு. நான் இங்கதான். காப்பி போடுங்க."

இருட்டிவிட்டது. அவர்கள் வரவில்லை.

பிப்ரவரி 6
பித்தராக்.

கடற்புயல் வீட்டைப் போர்த்தும். இது வேரோடு பிடுங்கப் பார்க்கிறது. தேவாலய மணி தானாக அடிக்கிறது. நடுக்கத்திலும், அடடா, என்ன பலம் என்றுதான் தோன்றுகிறது. கர்த்தாவே, இதை அனுப்பினவர் நீர். அந்த இரண்டு பேரும் உம்முடையவர்கள்தானே?

"ஜெபம் அப்புறம், காப்பி பொங்குது பாருங்க" என்றாள் அபெலோன். சிரித்தோம். பிறகு அவள் அழுதாள்.

பிப்ரவரி 7
காற்று நின்றது. கதவைத் திறந்தால் — உறைகடல் இல்லை. முழுசா இல்லை! கறுப்புத் தண்ணீர், ஆவி பறக்க. அதன் மேல்தானே அவர்கள் திரும்பி வந்திருக்க வேண்டும்?

அபெலோன் தொலைநோக்கியை விடவே இல்லை. திடீரென்று கத்தினாள்: "அக்கா! அக்கரை வேட்டைக் குடிசையில புகை!"

ஊர்ப் படகுகளையெல்லாம் பித்தராக் தூக்கிப் பாறைகளில் அடித்திருந்தது. கேர்த்தின் படகு மட்டும் கடற்புயலின் பனிக்குள் இறுகி, இருந்த இடத்தில். ஒன்று புதைத்ததை மற்றதால் தொட முடியவில்லை. என்ன நேர்த்தி, ஆண்டவரே! ஊரே சேர்ந்து வெட்டி எடுத்தது. அபெலோன் ஓட்டினாள், நான் துடுப்பால் பனிக்கட்டிகளைத் தள்ளினேன்.

அக்கரையில் கேர்த், "அண்ணி, நீங்களா! இனி எங்களுக்கு அடுப்படிதான்" என்றான்.

"முதல்ல ஏறுங்க, வாயை அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் அபெலோன்.

வரும் வழியில்தான் ஏனோஸ் சொன்னார். வீடு திரும்ப உறைகடலில் இறங்கும் இடத்தில் அர்னா உட்கார்ந்துவிட்டதாம். "சாட்டையைக் காட்டினேன், படுத்துக்கிச்சு. 'கிழவியை வண்டியில ஏத்துண்ணே, போலாம்'னு தம்பி சொன்னான். அது மூஞ்சியைப் பார்த்தேன். வேணாம்டான்னுட்டேன்." சற்று நேரத்தில் காற்று இறங்கியிருக்கிறது.

நாய்கள் படகெங்கும் வாந்தி எடுத்தன. அர்னா மட்டும் முகப்பில், தான்தான் ஓட்டுவதுபோல.

பிப்ரவரி 9
திறந்த தண்ணீருக்கு சீல்கள் வந்துவிட்டன. ஏனோஸ் ஒன்று கொண்டுவந்தார். எங்கள் பங்கு, கேர்த் வீட்டுப் பங்கு, நாய்களின் பங்கு. ஈரல் எப்போதும் ஏனோஸுக்கு. இன்று நானே அதை வெளியே கொண்டுபோய் அர்னாவின் முன்னால் வைத்தேன். அவசரப்படாமல் தின்றது.

சாப்பிடும்போது ஏனோஸ் ஈரலைக் கேட்கவில்லை.