நாற்பதாவது சங்கிலியில் கரீம்

1943 மே 9, ஞாயிறு, காலை ஏழு மணி. ரயில் பாதைக் கல்லிலிருந்து எல்லைக்கோடு வரை நாற்பது சங்கிலி.

என் அருமைக் கரீம்,

அந்த நாற்பதாவது சங்கிலி நீ அடங்கியிருக்கும் கபரைத் தாண்டி விழுகிறது. ஆவடிப் பக்கம் பட்டாளக் கிடங்குக்கு நிலம் எடுக்கிறார்கள். இரும்புச் சங்கிலியால் அளந்து கோடு போடுகிற சர்வேயர் நான். கோட்டுக்கு உள்ளே வருவதையெல்லாம் மட்டமாக்கிவிடுவார்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

நேற்று உன் அத்தா வந்து நின்றார். "புள்ள படுத்துகினு கீற எடம் உள்ள வருதா, வெளிய நிக்குதா? அத்த மட்டும் சொல்லு நைனா." நான் முளைக்குச்சிகளைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மனதில் நம் பழைய சண்டைதான். சர்வே பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தபோது, அண்டம் விரிகிறது என்று பத்திரிகையில் படித்ததை உன்னிடம் கொட்டினேன். நீ சிரித்தாய்: "எல்லாமே விரிஞ்சிகினு கீதுன்னா, உன் சங்கிலியும்தானே மச்சான் விரியும்? அப்பால எத்த வெச்சி அளப்பே?"

பதிலைத் தெரிந்துகொள்வதற்குள் நீ டைபாய்டில் போய்விட்டாய். அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். யாரிடம் சொல்வது?

எல்லாமே விரியவில்லை, மச்சான். விண்மீன் கூட்டங்களுக்கு நடுவில் இருக்கிற வெளிதான் விரிகிறது. எந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தாலும் தூரத்தில் இருப்பவை விலகித்தான் போகும். நடு என்று ஓர் இடமே கிடையாது. ஆனால் தன்னைத்தானே இறுகப் பிடித்திருப்பதை அந்த விரிவு ஒன்றும் செய்வதில்லை. இரும்பு இரும்பாகவே இருக்கிறது. அதனால்தான் அளக்க முடிகிறது.

அப்படியானால் என் சங்கிலி? பள்ளியில் தினமும் காலையில் அதைச் சோதித்தோமே, இங்கே அவசரத்தில் யாரும் செய்வதில்லை. இன்று விடிந்ததும் அலுவலக வாசலில் பதித்திருக்கும் அளவுக்கற்களுக்கு நடுவே போட்டுப் பார்த்தேன். இரண்டு விரற்கடை கூடுதல். கொரட்டூர் முள்வேலிகளில் இழுத்திழுத்து வளையங்கள் வாய் திறந்துவிட்டன. வானம் இழுக்கவில்லை, நாங்கள் இழுத்தோம். நாற்பது முறை போட்டதில் கோடு ஓர் ஆள் நீளம் தள்ளிப்போய் விழுந்திருக்கிறது.

உன் நீளம்.

அது உன்னைக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிடுமா? வரும் என்றுதான் நினைக்கிறேன். போட்ட கோடு போட்டதுதான் என்று மேலதிகாரி எரிந்து விழுந்தால்?

1. இன்றே வளையங்களைத் தட்டி இறுக்குவேன்.
2. நாளை வெயில் ஏறுமுன் கல்லிலிருந்து மறுபடி அளப்பேன். அதிகாரியையும் கூட நிற்கவைப்பேன்.
3. கோடு எங்கே விழுந்தாலும் உன் அத்தாவிடம் நானே போய்ச் சொல்வேன். குனிய மாட்டேன்.

உன் மச்சான்,
சம்பந்தம்